குளிர்காலத்துக்கு பைக்கும் நானும் தயாரான கதை: டயர் முதல் கையுறை வரை

காலை வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் பலர் பைக்குக்கு உறை போட்டு மூடிவிடுகிறார்கள். இந்தக் குளிர்காலம் முழுக்க பைக்கிலேயே வேலைக்குப் போவது என்று நான் முடிவு செய்தேன். அதற்காக டயர் மாற்றியது, சூடேற்றும் உடைக்கு ஒயர் இழுத்தது, ஜாக்கெட்டும் கையுறையும் தேர்ந்தெடுத்தது எல்லாவற்றையும் இங்கே பதிந்து வைக்கிறேன். என் பைக் முன்னால் 19 அங்குலம், பின்னால் 17 அங்குலச் சக்கரம் கொண்ட நடுத்தர அட்வென்ச்சர் வகை. அலாய் சக்கரம், டியூப்லெஸ் டயர். வேறு வகை பைக் வைத்திருந்தால் அளவுகள் மாறும், காரணங்கள் மாறாது.

எதை வாங்கும்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டேன்: பூஜ்ஜியம் டிகிரியில் இது விறைத்துப் போகுமா, போகாதா? குளிரில் பைக் ஓட்டுவதன் சிரமம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. டயரின் ரப்பர் விறைக்கிறது. பிரேக் பிடிக்கும் விரல் விறைக்கிறது. முழங்காலில் வைத்திருக்கும் பாதுகாப்பு நுரைகூட விறைக்கிறது. நெகிழ்ந்து கொடுக்க வேண்டிய பொருட்கள் நெகிழாமல் போனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பயனில்லை.

டயரிலிருந்து தொடங்குகிறேன். ரப்பர் சாலையைப் பிடிப்பது, சாலையில் உள்ள சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்குள் நெகிழ்ந்து இறங்குவதால்தான். வெப்பம் குறையக் குறைய ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகள் அசைவது மந்தமாகிறது, நெகிழ்வு குறைகிறது, பிடிப்பும் குறைகிறது. கார் டயர் உலகில் 7 டிகிரியை எல்லைக்கோடாகச் சொல்வார்கள். அது ஒரு தோராயமான கணக்கு. 8 டிகிரியில் நன்றாகப் பிடித்த டயர் 6 டிகிரியில் திடீரென்று வழுக்காது, பிடிப்பு படிப்படியாகத்தான் போகும். எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை ரப்பர் கலவை தீர்மானிக்கிறது. பந்தயத் தடத்தை மனதில் வைத்துச் செய்த ஸ்போர்ட் டயர்கள் 70, 80 டிகிரி வரை சூடானால்தான் முழுத் திறனைக் காட்டும். குளிர்காலச் சாலையில் அந்தச் சூடு ஒருபோதும் வராது. கலவையில் கரித்தூளுக்குப் பதிலாக சிலிக்கா அதிகம் சேர்த்த டயர்கள் குளிரிலும் ஈரத்திலும் நெகிழ்வைத் தக்கவைத்துக்கொள்கின்றன. 1990களில் கார் டயர்களில் பரவலான இந்த முறை இன்று நல்ல டூரிங் பைக் டயர்கள் எல்லாவற்றிலும் உண்டு.

என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, குளிர்காலத்துக்கென்றே செய்த டயர். ஹைடெனாவ் நிறுவனத்தின் ஸ்னோடெக்ஸ் கலவை டயர்கள், மிட்டாஸ், அன்லாஸ் நிறுவனங்களின் குளிர்கால டயர்கள் எல்லாம் இந்த வகை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை ஸ்கூட்டர் அளவுகளில்தான் கிடைக்கின்றன. ஸ்கூட்டர் ஓட்டுபவராக இருந்தால் யோசிக்காமல் இதையே வாங்கலாம். பெரிய பைக்குக்குத் தெரிவு மிகக் குறைவு.

இரண்டாவது, பக்கவாட்டில் எம்+எஸ் என்று அச்சடித்த, பெரிய பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டை) வைத்த அட்வென்ச்சர் டயர். இந்த முத்திரையைப் பார்த்ததும் குளிர்கால டயர் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எம்+எஸ் என்பது சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பட்டன் அமைப்பு என்று தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது. குளிரில் ரப்பர் மென்மையாக இருக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. மூன்று முகடுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த முத்திரைதான் பனியில் சோதித்துத் தேறியதற்கு அடையாளம். என் பாதை முழுக்கத் தார்ச்சாலை. ஈரமான, குளிர்ந்த தாரில் பெரிய பட்டன்களுக்கு இடையே உள்ள இடைவெளி எல்லாம் சாலையைத் தொடாத இடம். மண் சாலையும் பனிச் சேறும் உங்கள் பாதையில் இருந்தால் இந்த வகை சரி. எனக்குச் சரிவராது.

மூன்றாவது வழியைத்தான் எடுத்தேன்: சிலிக்கா அதிகமுள்ள, நுண்பிளவுகள் நிறைந்த ஸ்போர்ட் டூரிங் டயர். மிஷ்லன் ரோடு 6 என் இரண்டு அளவிலும் கிடைத்தது, முன்னால் 110/80 ஆர்19, பின்னால் 150/70 ஆர்17. பட்டனில் கத்தியால் கீறியதுபோல் இருக்கும் அந்தப் பிளவுகள் ஈரப்படலத்தை உடைத்து வெளியே தள்ளுகின்றன. பட்டன் லேசாக அசைய இடம் கொடுப்பதால் ரப்பர் கொஞ்சம் சீக்கிரமும் சூடாகிறது. பனி மூடிய சாலைக்கு இந்த டயர் ஆகாது. அப்படிப்பட்ட நாளில் நான் பைக்கை எடுப்பதில்லை என்பதால் இது எனக்குப் பொருந்திய தெரிவு.

வாங்கும்போது பக்கவாட்டில் மூன்று விஷயங்களைப் பார்த்தேன். பின் டயரில் 69வி என்று இருந்தது. 69 என்றால் 325 கிலோ வரை தாங்கும், வி என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும். பைக்கின் கையேடு கேட்பதற்குக் குறையாமல் இருந்தால் போதும். அடுத்தது தயாரித்த தேதி. நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். ரப்பர் வயதாக ஆகக் கடினமாகும் என்பதால் குளிர்காலத்துக்குப் பழைய சரக்கை நான் வாங்க மாட்டேன். கடைசியாக, சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி.

மாட்டும் வேலையை வீட்டிலேயே செய்தேன். கோடையில் செய்வதற்கும் குளிரில் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. குளிர்ந்த டயரின் பீட், அதாவது ரிம்மில் உட்காரும் விளிம்பு, வளையவே வளையாது. டயர் கழற்றும் லீவரை அழுத்த அழுத்த ரிம்தான் அடிபடும். அதனால் புது டயர் இரண்டையும் முந்தின நாள் இரவே வீட்டுக்குள், சூடுள்ள அறையில் வைத்துவிட்டேன். காலையில் கையால் அழுத்தினாலே குழைந்து கொடுத்தது. பழைய டயரின் காற்றை முழுக்க இறக்கி, வால்வின் உள்ளூசியைக் கழற்றி, பீட் பிரிக்கும் கருவியால் இரண்டு பக்கமும் பிரித்தேன். ரிம் ஓரத்துக்குப் பிளாஸ்டிக் காப்பு வைத்து, மூன்று லீவரால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். சூட்சுமம் லீவரில் இல்லை. லீவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்தில் பீட் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். முழங்காலால் அங்கே அழுத்திக்கொண்டால் லீவருக்குப் பாதி பலம் போதும்.

டயர் கழன்றதும் ரப்பர் வால்வையும் மாற்றிவிட்டேன். சின்னச் சாமான், ஆனால் குளிரில் வெடிப்பு விட்டுக் காற்று கசிவது இங்கேதான். ரிம்மின் உள்விளிம்பில் படிந்திருந்த பழைய ரப்பரையும் துருவையும் தேய்த்து எடுத்து, பீட்டுக்கு டயர் சோப்பு தடவி, எடை குறைவான இடத்தைக் காட்டும் புள்ளி வால்வுக்கு நேராக வரும்படி மாட்டினேன். காற்று அடிக்கும்போது இரண்டு முறை டப்பென்று சத்தம் கேட்டது, இரண்டு பீட்டும் உட்கார்ந்துவிட்டன. பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே அளவு தள்ளித் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் காற்றை இறக்கி, மறுபடி சோப்பு தடவி அடிக்க வேண்டும். டயரில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டி அடித்து உட்காரவைக்க முயல்வது உயிரோடு விளையாடுவது. அச்சில் தொங்கவிட்டுச் சமநிலை பார்த்து 5 கிராம் எடைகளை ஒட்டினேன். அச்சு நட்டை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கினேன். பிரேக் காலிப்பரைக் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) கழற்றி மாட்டியிருந்தால், பைக்கை நகர்த்துவதற்கு முன் பிரேக் லீவரைப் பலமுறை அழுத்தி விறைப்பு வரவைக்க வேண்டும். இதை விட்டால் முதல் நிறுத்தத்தில் பிரேக் இருக்காது.

காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு தவறான யோசனை எங்கும் உலவுகிறது: குளிரில் அழுத்தத்தைக் குறைத்தால் டயர் அதிகம் வளைந்து சீக்கிரம் சூடாகும் என்று. பந்தயத் தடத்தில் அதற்கு இடமிருக்கலாம். சாலையில் வேண்டாம். அழுத்தம் குறைந்தால் தண்ணீரைத் தள்ளும் திறன் குறைகிறது, வளைவில் வண்டி கனமாக, தயங்கித் திரும்புகிறது. கையேடு சொன்ன அளவுதான் குளிருக்கும். கவனிக்க வேண்டியது வேறு: 20 டிகிரி அறையில் 36 பிஎஸ்ஐ அடித்துவிட்டு 0 டிகிரிக்கு வெளியே கொண்டுவந்தால் அது ஏறக்குறைய 33 ஆகிவிடும். அதனால் பைக் இரவு முழுக்க நின்ற வெளியிடத்திலேயே, ஓட்டுவதற்கு முன் அளந்து அடிக்கிறேன்.

டயர் எவ்வளவு சூடாகிறது என்று தெரிந்துகொள்ள அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டேன். காற்று 4 டிகிரி இருந்த காய்ந்த காலைகளில், நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓடிய பிறகு டயரின் நடுப்பகுதி 20 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஓரங்கள் அதைவிட மிகக் குளிர்ச்சி. யோசித்தால் காரணம் புரிகிறது: நேராகப் போகும்போது நடுப்பகுதி மட்டும்தானே உழைக்கிறது? நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் அந்த முதல் வளைவில் டயர் சூடாகிவிட்டது என்ற நம்பிக்கையோடு சாய்கிறோம், ஆனால் சாய்ந்ததும் தரையைத் தொடுவது சூடே ஆகாத ரப்பர். மழை பெய்தால் நடுப்பகுதியிலும் சூடு நிற்பதில்லை, தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, எவ்வளவு தூரம் ஓட்டி வந்திருந்தாலும் இறங்குபாதை வளைவை அப்போதுதான் கிளம்பியதுபோல் எடுக்கிறேன். புது டயரின் வழவழப்பான மேற்பரப்பு உராய்ந்து சரியாவதற்கும் குளிரில் அதிக தூரம் தேவைப்படுகிறது. வழக்கமாகச் சொல்லும் முதல் 150 கி.மீ. கணக்கை நான் இரண்டு மடங்காக வைத்துக்கொண்டேன்.

அப்புறம் உடல். 0 டிகிரியில் மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போனால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 10 டிகிரிபோல் இருக்கும். 5 டிகிரியிலும் அதே வேகத்தில் மைனஸ் 3. முதலில் அடைக்க வேண்டியது காற்றை. கழுத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே, கையுறைக்கும் ஜாக்கெட் கைக்கும் நடுவே, இடுப்பில் என்று மூன்று இடங்களில்தான் காற்று நுழைகிறது. காற்றுப் புகாத கழுத்துக் குழாய் ஒன்று போட்டதற்கே, கனமான ஸ்வெட்டர் ஒன்று கூடுதலாகப் போட்டதைவிட நல்ல பலன் தெரிந்தது.

கைதான் சில்லிடுகிறது, அதனால் எல்லோரும் கையுறையைத் தடிமனாக்கிக்கொண்டே போகிறார்கள். ஆனால் உடலின் மையப்பகுதி குளிர்ந்தால் மூளை முதலில் செய்வது, கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவது. எவ்வளவு தடித்த கையுறை போட்டாலும் உள்ளே சூடு கொண்டுவர ரத்தம் வராவிட்டால் விரல் விறைக்கத்தான் செய்யும். அதனால் கையுறைக்கு முன்பே, ஜாக்கெட்டுக்குள் போடும், மின்சாரத்தில் சூடாகும் உள்ளாடை லைனரை வாங்கினேன். மார்பும் முதுகும் சூடாக இருக்கும்போது சாதாரணக் கையுறையோடு முன்பைவிட நீண்ட நேரம் விரல் உணர்வோடு இருக்கிறது. காசு ஒரு பொருளுக்குத்தான் இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஒயரிங் வேலை ஒரு மதியப் பொழுதில் முடிந்தது, ஆனால் கணக்கை முதலில் போட வேண்டும். என் லைனர் 80 வாட், சூட்டுக் கைப்பிடிகள் 40 வாட். பைக்கில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் 400 வாட். முகப்பு விளக்கு, எரிபொருள் பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்த்து 250 வாட் என்று வைத்தால் 150 மிஞ்சுகிறது. 120 அதில் அடங்குகிறது. ஆனால் அந்த 400 வாட் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போதுதான் கிடைக்கும். ஐட்லிங்கில் அதில் பாதிகூட வராது. அதனால் சிக்னலில் நீண்ட நேரம் நின்றால் லைனரைக் குறைத்துவிடுகிறேன். ஹேண்டில்பாரில் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்றும் வைத்தேன். ஓடும்போது 13.5க்கு மேல் காட்டினால் நிம்மதி. 12.8க்குக் கீழே இறங்கினால் பேட்டரியிலிருந்து எடுக்கிறோம் என்று பொருள்.

லைனரின் 80 வாட்டை 13.8 வோல்ட்டால் வகுத்தால் 6 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. 10 ஆம்பியர் ஃபியூஸ், 2 சதுர மி.மீ. ஒயர் போட்டேன். ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். இடையில் எங்கே ஒயர் உரசி பைக்கின் உலோகச் சட்டத்தைத் தொட்டாலும் ஃபியூஸ் போய்விட வேண்டும், ஒயர் எரியக் கூடாது. நேராகப் பேட்டரியில் மாட்டினால் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் போகும் என்பதால் நடுவே ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். 30ஆம் முனை ஃபியூஸ் வழியாகப் பேட்டரிக்கு, 87 லைனருக்கு, 86 சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் பின்விளக்கு ஒயருக்கு, 85 எர்த்துக்கு. இணைப்பு வெளியே வரும் இடத்தை சீட்டின் இடது ஓரத்தில் வைத்தேன். மறந்துபோய் அப்படியே இறங்கினாலும் இழுபட்டுக் கழன்று வரும்படி ஒயரை விட்டிருக்கிறேன்.

கையுறையில் தடிமனைவிட அளவு முக்கியம். விரல்நுனியில் கொஞ்சம் காற்று நிற்க இடம் வேண்டும். இறுக்கமான கையுறை ரத்த ஓட்டத்தையே அழுத்திவிடும். போட்டுக்கொண்டு கிளட்ச் லீவரைப் பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள், பஞ்சு அடைத்த உள்ளங்கையில் லீவர் எட்டாமல் போவது உண்டு. லீவரின் தூரத்தைச் சரிசெய்யும் சக்கரம் இருந்தால் ஒரு படி அருகே கொண்டுவாருங்கள். ஹேண்டில்பாரில் பெரிய உறைபோல் மாட்டும் மஃப் பார்வைக்கு நன்றாக இருக்காது என்று பலர் தவிர்க்கிறார்கள். எனக்கு அதுதான் மிகவும் பிடித்துப்போனது. காற்று முழுக்க நின்றுவிடுவதால் மெல்லிய கையுறை போதும், சுவிட்சும் லீவரும் விரலுக்குத் துல்லியமாகத் தெரிகின்றன. மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு கடைசிக்கும் திருப்பி, மஃப் எங்கேயும் லீவரை அழுத்தவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஹேண்டில் கடைசிவரை திரும்பும்போது தானாகவே பிரேக்கைப் பிடித்துவிடக்கூடிய சாமான் இது.

பாதுகாப்பு நுரை பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தோள், முழங்கை, முழங்காலில் வரும் நுரைத் தகடுகளில் பல, உடல்சூட்டில் மென்மையாகி வளையும்படி செய்தவை. குளிரில் பலகைபோல் ஆகிவிடும், அப்போது அடியை உள்வாங்கும் விதமும் மாறும். பாதுகாப்புத் தகடுகளுக்கான ஈஎன் 1621 என்ற ஐரோப்பியத் தரத்தில் இதற்கென்றே விருப்பச் சோதனை ஒன்று இருக்கிறது. மைனஸ் 10 டிகிரியிலும் தேறிய தகட்டில் டி மைனஸ் என்று குறி போட்டிருப்பார்கள், 40 டிகிரிச் சோதனைக்கு டி பிளஸ். என் ஜாக்கெட்டோடு வந்த தகட்டில் டி மைனஸ் இல்லை. அதே அளவில் குறி உள்ளதை வாங்கி மாற்றினேன். காலையில் வெளியே தொங்கவிட்ட ஜாக்கெட்டை எடுத்து வளைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

ஜாக்கெட்டின் வெளித்துணியைப் பொறுத்தவரை, நீர்புகாப் படலம் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. மலிவான ஜாக்கெட்டில் அது உள்ளே தனி அடுக்காகத் தொங்கும். மழை உள்ளே வராது, ஆனால் வெளித்துணி ஊறிக் கனத்துவிடும், காற்றில் அந்த ஈரம் ஆவியாக ஆக உடலின் சூட்டை உறிஞ்சும். படலம் வெளித்துணியோடு ஒட்டியே வரும் லேமினேட் வகையில் துணி ஊறுவதே இல்லை. கோடை மழைக்கு முதல் வகை போதும். குளிர் மழைக்கு லேமினேட்தான். உள்ளே உடலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், அதன் மேல் மெல்லிய ஃபிளீஸ். பருத்தி வேண்டவே வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு வண்டி ஓடத் தொடங்கியதும் சில்லென்று ஒட்டும்.

வைசருக்கு பின்லாக் உள்கண்ணாடி போட்டேன். இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைபட்ட காற்று இருப்பதால் உட்பக்கம் குளிராது, மூச்சு படிந்து மங்காது. சுற்றியிருக்கும் சிலிக்கோன் விளிம்பு முழுக்க ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஈரம் படிந்து இன்னும் மோசமாகும். இரண்டு பக்க ஊசிகளையும் திருகி இறுக்கம் கூட்டலாம்.

எவ்வளவு தயாரானாலும் கறுப்புப் பனியில், அதாவது சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்திருக்கும் மெல்லிய பனிப்படலத்தில், எந்தச் சாலை டயரும் பிடிக்காது. வானம் தெளிந்த இரவுக்குப் பிறகு, காற்று 2, 3 டிகிரி காட்டும்போதே சாலையின் மேற்பரப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கலாம். பாலங்களுக்கு அடியிலும் காற்று போவதால் அவை முதலில் உறையும். 3 டிகிரிக்குக் கீழே இருந்து, முந்தின இரவு மழையோ மூடுபனியோ இருந்திருந்தால் நான் கிளம்புவதில்லை. உப்புத் தூவிய சாலையில் ஓட்டினால் அன்றே வெறும் தண்ணீரால் கழுவி, செயினுக்கு எண்ணெய் போட்டுவிடுகிறேன்.

இன்னும் முடியாதது பூட்ஸ்தான். இப்போது இருப்பது நீர் புகாதது, கணுக்காலுக்கு நல்ல காப்பு. ஆனால் தடித்த கம்பளிக் காலுறை போட்டால் விரல் அசைக்க இடமில்லை, மெல்லியதைப் போட்டால் ஒரு மணி நேரத்தில் கால்விரல் மரத்துவிடுகிறது. அரை அளவு பெரிதாக, பைக் பூட்ஸுக்கான ஈஎன் 13634 முத்திரையோடு, அடிப்பகுதி ரப்பர் குளிரில் வழுக்காத ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கியர் லீவரின் உயரத்தை அந்தப் பூட்ஸின் தடிமனுக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் அந்த வேலையையும் அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் ஆட்டுத்தோல் உள்ளங்கால் அட்டையும் மெல்லிய காலுறையும்தான்.